டோலக் வெட்ட எந்த சொவ்ற்வெயர் நல்லது?

வீட்டில் பாட்டு றெக்கோட் பண்ணுகிற பெடியள் கனபேர் என்னிடம் கேட்கிற கேள்வி இது. "அண்ணை, லூப் வெட்டுறதுக்கு எந்த சொவ்ற்வெயர் நல்லது?" குசினியில் ஒருவன் வந்து எந்தக் கத்தி நல்லது என்று கேட்டால், என்ன வெட்டப்போகிறாய் என்றுதான் நாங்கள் திருப்பிக் கேட்போம். மீனுக்கு ஒரு கத்தி, வெங்காயத்துக்கு இன்னொன்று. லூப்புக்கும் அதே கதைதான். ஆனால் பெடியளுக்குப் பொறுமை இல்லை. பெயரைச் சொல்லவேணும், உடனே டவுண்லோட் பண்ணவேணும். ஆகவே ஒருதரம் வடிவாக எழுதிவிடுகிறேன். இனிக் கேட்கிறவர்களுக்கு இதைக் காட்டிவிட்டு நான் பேசாமல் இருக்கலாம்.

லூப் என்றால் தெரியாதவர்களுக்கு: இரண்டு அல்லது நாலு சுற்றுத் தாளத்தை வெட்டியெடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன்மேல் பாட்டுக் கட்டுவது. பாட்டின் வேகம் ஒன்று, லூப்பின் வேகம் இன்னொன்று என்றால் லூப்பைப் பாட்டுக்குப் பொருத்தவேண்டும். எல்லாத் தொல்லையும் அந்தப் பொருத்துகிற இடத்தில்தான் துவங்குகிறது.

நான் இதற்குள் இறங்கினதுக்குக் காரணம் ஒரு டோலக்காரர். பெயர் இங்கே போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார், டோலக் அண்ணை என்றே சொல்கிறேன். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இசைக்குழு ஒன்றில் வாசித்தவர். கோயில் திருவிழாக்களில் விடியவிடிய வாசித்த கை. பிறகு பாரிசுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் கோப்பை கழுவின கை. இப்போது விரல் மூட்டெல்லாம் வீக்கம். பத்து நிமிடம் வாசித்தால் சுடுதண்ணிக்குள் கையை வைத்துக்கொண்டு இருக்கவேணும். முழுப்பாட்டுக்கு வாசிக்க ஏலாது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் வருகிற அடி இருக்கிறதே, அதை நான் வேறு எவரிடமும் கேட்டதில்லை.

போன வருடம் எங்கள் றெஸ்ரோறண்ட் பூட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றுதரம் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டு, இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்தேன். இடைவேளையெல்லாம் கழித்துப் பார்த்தால் 1 மணி 10 நிமிடம் தேறியது. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், கிட்டத்தட்ட 1.2 ஜிகாபைட். அவருடைய வாசிப்பு என்று உலகத்தில் ஒழுங்காகப் பதிவாகி இருப்பது அவ்வளவும்தான். இசைக்குழு இருந்த காலத்துக் கசெற்றுகள் இடப்பெயர்வோடு போய்விட்டன. ஆகவே எந்த சொவ்ற்வெயர் என்ற கேள்வி எனக்குப் பொழுதுபோக்கான கேள்வியாக இருக்கவில்லை. எதுக்குள் போட்டு வெட்டினால் வெட்டினபிறகும் அது அவருடைய கையாகவே இருக்கும் என்பதைத்தான் பார்க்கவேண்டி இருந்தது.

கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன். (கம்பசில் ஒன்றரை வருடம் படித்த கணக்கு இப்போது இதுக்குத்தான் உதவுகிறது.) அண்ணை வாசித்தது நிமிடத்துக்கு 112 அடி வேகம். நாலு அடி ஒரு சுற்று, நாலு சுற்று ஒரு லூப். மொத்தம் 16 அடி, 8.57 வினாடி. பாட்டு 100 வேகத்தில் இருக்கிறது. அதே 16 அடிக்கு இப்போது 9.6 வினாடி வேண்டும். ஒரு வினாடிக்குச் சற்று மேலே குறைகிறது. அந்த ஒரு வினாடியை எங்கேயிருந்து கொண்டுவருவது?

பழைய வழி, ரேப்பை மெதுவாகச் சுற்றவிடுவது. வேகம் குறையும், ஆனால் சுருதியும் சேர்ந்து இறங்கும். 112 இலிருந்து 100 க்கு இறக்கினால் கிட்டத்தட்ட இரண்டு அரைச்சுரம் இறங்கிவிடும். அதாவது இரண்டு கட்டைக்குச் சுருதி சேர்த்த டோலக் ஒரு கட்டையில் போய் நிற்கும். வெள்ளைக்காரனின் டிறம்ஸ் என்றால் இது பெரிய விசயமில்லை, சத்தம் கொஞ்சம் தடிக்கும், சிலர் அதை விரும்பியே செய்கிறார்கள். டோலக், தபேலா, மிருதங்கம் எல்லாம் சுருதி சேர்க்கிற வாத்தியங்கள். பாடகன் இரண்டு கட்டையில் நிற்க டோலக் ஒரு கட்டையில் நின்றால் கேட்கிறவனுக்குப் பல்லுக் கூசும்.

இரண்டாவது வழி, வெட்டுவது. ஒவ்வொரு அடியும் துவங்குகிற இடத்தில் கத்தியை வைத்துத் துண்டு துண்டாக்கி, துண்டுகளை விலக்கி வைப்பது. 1994 இல் சுவீடன்காரரின் புறொப்பலர்கெட் நிறுவனம் றீசைக்கிள் என்று ஒரு சொவ்ற்வெயர் விட்டது. இந்த வேலையைப் பரவலாக்கினது அதுதான். (அந்த நிறுவனத்தின் பெயர் 2019 இலிருந்து றீசன் ஸ்ரூடியோஸ்.) இதில் சுருதி மாறாது, அடியின் கூர்மை மழுங்காது. ஆனால் துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் வெறுமை வரும். மேலே சொன்ன கணக்கில் 64 கால் அடிகளுக்கும் அந்த ஒரு வினாடியைப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 16 மில்லிசெக்கன் வெறுமை. பறை, தவில் போல வறண்டு வெடிக்கிற அடிகளில் இது காதுக்குத் தெரியாது. டோலக்கின் இடப்பக்கத்தில் மணிக்கட்டால் அழுத்தி இழுக்கிறார்களே ஒரு "கும்", அது அடுத்த இரண்டு மூன்று அடிக்குக் கீழாலும் ஓடிக்கொண்டே இருக்கிற சத்தம். அதற்குள் 16 மில்லிசெக்கன் ஓட்டை விழுந்தால் விக்கல் எடுக்கிற மாதிரிக் கேட்கும்.

மூன்றாவது, இழுப்பது. சுருதியை மாற்றாமல் சத்தத்தையே ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுக்கிற வித்தை. 1998 இல் சோனிக் பவுண்ட்றி விட்ட அசிட், 2001 இல் பெர்லினிலிருந்து வந்த ஏபிள்ரன் லைவ் இரண்டும் பெயர் எடுத்தது இதனால்தான். லூப்பை உள்ளே போட்டால் தானே பாட்டின் வேகத்துக்கு வந்து நிற்கும். அப்போது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இழுத்தால் "கும்" தொடர்ந்து வரும், ஓட்டை விழாது. ஆனால் அளவுக்குமேல் இழுத்தால் அடி விழுகிற முதற்கணம் கரைந்துபோகும். "தா" என்று வெடிக்கவேண்டியது "ஸ்தா" என்று வரும். இந்தக் கணக்கு முறைகள் இப்போது கன திருத்தம். பெர்லினில் இருக்கிற ஸீபிளேன் நிறுவனத்தின் எலாஸ்ரிக் என்பது பல சொவ்ற்வெயர்களுக்குள் இருக்கிறது, நூற்றுக்கு மூன்று நாலு வீதம் இழுத்தால் எனக்கே வித்தியாசம் பிடிபடாது. பத்து வீதத்துக்கு மேல் போனால் பிடிபடும்.

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது இரண்டையும் கலந்து செய்கிற ஒன்று. வலக்கை அடியில் வெட்டு, இடக்கைக் கும்மில் இழுப்பு. அதோடு, இரண்டு மைக்கில் பதிந்த இரண்டு தடத்தையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வெட்டவேண்டும். இதை லூப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை. டோலக்கின் இடம் வலம் இரண்டுக்கும் மைக் வைத்தால், இடப்பக்கச் சத்தம் வலப்பக்க மைக்குக்குள்ளும் போகும். ஒரு தடத்தை மட்டும் நகர்த்தினால் இரண்டு மைக்கிலும் இருக்கிற ஒரே சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். கும்மென்று இருந்தது தகரம் தட்டின மாதிரி மெலிந்துவிடும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு பார்த்தால் பட்டியல் சுருங்கிவிடும். ஒடாசிற்றி இலவசம், 2000 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, எங்கட ஆக்களில் முக்கால்வாசிப்பேர் முதல் முதல் தொட்டது அதைத்தான். 2023 இல் வந்த 3.4 பதிப்போடு தாளக்கட்டமும் சுருதி மாறாமல் இழுக்கிற வசதியும் உள்ளே வந்துவிட்டன. ஒரு தடத்தில் நறுக்கென்று வெட்டி எடுக்க அது தாராளம். ஒற்றை லூப், சின்ன வேலை என்றால் அதைத் தாண்டிப் போகவே தேவையில்லை. மக் வைத்திருக்கிறவர்களுக்கு 2004 இலிருந்து கராஜ்பான்ட் இருக்கிறது, காசு இல்லை. எவ்.எல். ஸ்ரூடியோ பெல்ஜியத்துச் சரக்கு, 1997 இல் புறூற்றிலூப்ஸ் என்ற பெயரில் வந்தது. துண்டுகளை வைத்துப் புதுத் தாளம் கட்டுகிறவனுக்கு அதைப்போல லேசானது இல்லை, ஒருதரம் காசு கட்டினால் பிறகு வருகிற பதிப்பெல்லாம் இலவசம். மேடையில் லூப் ஓடவிட்டுப் பாடுகிற ஆளென்றால் லைவ். அதன் சின்னப் பதிப்பு பல ஒடியோ இன்ரபேஸ்களோடு சும்மாவே வரும், பெட்டிக்குள் கிடக்கிற துண்டை எறிந்துவிடாமல் பாருங்கள்.

நான் கடைசியில் நின்றது றீப்பரில். வின்அம்ப் ஞாபகம் இருக்கிறதா? அதைச் செய்த ஜஸ்ரின் பிராங்கல்தான் இதையும் துவக்கினவர், முதற்பதிப்பு 2006. பல தடங்களைக் குழுவாகச் சேர்த்துவிட்டால் ஒரு வெட்டில் எல்லாம் சேர்ந்து வெட்டுப்படும். அடி விழுகிற இடங்களைத் தானே கண்டுபிடித்து வெட்டும், அதன் உணர்திறனை நாங்கள் கூட்டிக் குறைக்கலாம். வெட்டாமல், அடி துவங்குகிற இடத்தில் ஒரு குறி வைத்து இடைப்பட்ட பகுதியை மட்டும் இழுக்கவும் விடும். முதல் பார்வைக்கு வடிவில்லாத சாமான், நூறு மெனு, எதை எங்கே தேடுவது என்று தலை சுத்தும். இரவு ஒரு மணிக்கு வேலையால் வந்து ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இருக்கிறவனுக்கு முதல் இரண்டு கிழமை கடுப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் இவ்வளவும் எனக்கு இரண்டாம்பட்சக் காரணங்கள். முதற் காரணம் வேறு.

பெரும்பாலான லூப் சொவ்ற்வெயர்களில் குவான்ரைஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். தாளக்கட்டத்தின் கோட்டில் விழாத அடிகளை இழுத்துக் கோட்டில் வைக்கும். அமத்தினவுடனே எல்லாம் சுத்தமாகிவிடும், எங்கட பெடியள் கண்ணை மூடிக்கொண்டு அமத்துகிறார்கள். டோலக் அண்ணையின் ஒரு லூப்பை அப்படிச் சுத்தமாக்கி அவருக்குப் போட்டுக் காட்டினேன். பார்ப்போமே என்றுதான். இரண்டு சுற்றுக் கேட்டார்.

"ஆரடாப்பா இது வாசிக்கிறது?"

"நீங்கள்தான் அண்ணை."

"சும்மா விசர்க்கதை கதையாத. பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவன் மாதிரி அடிக்கிறான்."

பிறகு நான் கோட்டையும் அவருடைய அடியையும் பெரிதாக்கிப் பார்த்தேன். 112 வேகத்தில் ஒரு கால் அடி 134 மில்லிசெக்கன். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது அடிக்குப் பிறகு வருகிற கால் அடி, கோட்டுக்கு 20 மில்லிசெக்கன் பிந்தி விழுகிறது. ஒருதரம் இரண்டுதரம் என்றால் கை தவறியது எனலாம். நாற்பது சுற்றுப் பார்த்தேன், நாற்பதிலும் அதே இடத்தில் அதே பிந்தல், இரண்டு மூன்று மில்லிசெக்கன் கூடக்குறைய. பஸ்ஸுக்கு ஓடாதவனின் நடை அதுதான். சொவ்ற்வெயர் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்துகிறது.

மெசின் செய்கிறவர்களும் இதை அறியாதவர்களில்லை. றொஜர் லின் என்கிற அமெரிக்கர் தான் செய்த டிறம் மெசின்களில் 'சுவிங்' என்று ஒரு வசதி வைத்தார். 1988 இல் வந்த எம்.பி.சி. 60 இல் 50 வீதத்திலிருந்து 75 வீதம் வரை இரண்டாவது அடியைப் பிந்தவைக்கலாம். ஆனால் அது எல்லாச் சோடியிலும் ஒரே அளவாகப் பிந்தும். அண்ணையின் கை சுற்றில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பிந்துகிறது. அதை ஒரு குமிழைத் திருகிக் கொண்டுவர ஏலாது.

வழி என்ன? டோலக்கைக் கோட்டுக்கு இழுக்காமல் கோட்டை டோலக்கிடம் கொண்டுபோவது. றீப்பரில் ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் ஒரு வேகக்குறி வைத்து, கட்டமே அவருடைய கையோடு வளைந்து வளைந்து போகும்படி செய்யலாம். பிறகு கிற்றாரும் கீபோட்டும் அந்த வளைந்த கட்டத்தில் வாசிக்கும். லைவிலும் 2009 இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து ஒரு லூப்பின் நடையைப் பிரித்தெடுத்து மற்ற வாத்தியங்களுக்குப் பூசுகிற வசதி இருக்கிறது. எந்த சொவ்ற்வெயர் என்று கேட்கிற பெடியளுக்கு நான் சொல்கிறது, அதில் இந்த வசதி இருக்கோ எண்டு முதலில் பார் என்பதுதான். அது கூட எத்தினை ஆயிரம் லூப் தருகிறார்கள் என்பது பிறகு.

பைலாவுக்கு வந்தால் இன்னும் பகிடி. ஏ.ஈ. மனோகரன் பாட்டுக்கு ஆடாத ஈழத்துக் கலியாணவீடு இருக்கோ? அந்தத் தாளம் ஆறு எண்ணிக்கை, மும்மூன்றாகப் போவது. தானாக வேகம் கண்டுபிடிக்கிற பல சொவ்ற்வெயர்கள் எதையும் இரண்டு, நாலு, எட்டு என்றே எண்ணப் பழகினவை. நிமிடத்துக்கு 120 அடியில் போகிற ஒரு பைலாவைக் கொடுத்தால் 180 என்று சொல்லும், இல்லாவிட்டால் 90 என்று சொல்லும். அதை நம்பி வெட்டினால் லூப் முடிகிற இடத்தில் ஒவ்வொருதரமும் கால் இடறும். மிஸ்ரசாப்பு ஏழைக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே தானாகக் கண்டுபிடிக்கிறதை நிறுத்திவிட்டு, நீங்களே வாயால் எண்ணி, முதல் அடிக்கும் அடுத்த சுற்றின் முதல் அடிக்கும் குறி வைத்து, இதுக்குள் ஆறு என்று சொல்லிக் கொடுங்கள்.

காசு விசயம். றீப்பரை 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம், எதையும் பூட்டி வைப்பதில்லை. பிறகு சொந்தப் பாவனைக்கு 60 டொலர். சனிக்கிழமை இரவு வாற ரிப்ஸில் இரண்டு மூன்று கிழமை. இருந்தும் எங்கட பெடியள் கிறாக் தேடித்தான் ஓடுகிறார்கள். ஒருத்தன் என்னிடம் கிறாக் கேட்டுவிட்டு அடுத்த வசனத்திலேயே சொல்கிறான், "அண்ணை, எங்கட சனம் ஒருத்தரும் காசு குடுத்துப் பாட்டு வாங்கினம் இல்லை." நான் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி குடி என்றேன்.

இன்னொன்று, காசுக்கு விற்கிற "இந்திய லூப்" தொகுப்புகள். பெரும்பாலும் தபேலாவும் பஞ்சாப் டோலும். எங்கட தவிலையும் பறையையும் தேடித்தான் பிடிக்கவேண்டும். அப்படியே கிடைத்தாலும் யார் வாசித்தது என்று பெயர் இருக்காது. உலகத்திலேயே கூட வெட்டுப்பட்ட லூப் எது என்று தேடினால் 1969 இல் த வின்ஸ்ரன்ஸ் என்கிற குழு வெளியிட்ட ஒரு இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டில் வருகிற நாலு சுற்று டிறம்ஸைச் சொல்வார்கள். ஆறேழு வினாடிதான். 'ஏமன் பிறேக்' என்று அதற்குப் பெயர். அதை வைத்துக் கட்டின பாட்டுக்கள் ஆயிரக்கணக்கில், ஜங்கிள் என்று ஒரு இசைவகையே அதன்மேல் எழும்பினது. வாசித்தவர் கிறெகரி கோல்மன். 2006 இல் இறந்துபோனார், அந்த ஆறு வினாடிக்காக அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. 2015 இல் குழுத் தலைவர் றிச்சட் ஸ்பென்சருக்கு ரசிகர்கள் சேர்த்துக் கொடுத்தது 24,000 பவுண். கோல்மனுக்கு அதுவும் பிந்திவிட்டது.

அதனால்தான் அண்ணையின் லூப் கோப்பு ஒவ்வொன்றிலும் முதலில் அவர் பெயர், பிறகு வேகம், சுருதி, பதிந்த வருடம் என்று வைத்திருக்கிறேன். இதுவரை 83 லூப். லாச்சப்பலில் ஒரு பெடியன் பாட்டு ஒன்றுக்கு இரண்டு லூப் கேட்டான். அண்ணையிடம்தான் அனுப்பினேன். காசு எவ்வளவு என்று கேட்டிருக்கிறான். காசைப் பிறகு பாப்பம், என்னத்தை எழுதப்போறாய் எண்டு சொல்லு என்றாராம். "புறோகிராமிங்" என்று தன் பெயரைப் போடப்போவதாகப் பெடியன் சொல்லியிருக்கிறான். "டோலக் எண்டு போட்டு என்ர பெயரைப் போடு. போடாட்டி அந்த இடத்தில நீயே வாயால தட்டு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பெடியன் ஒத்துக்கொண்டான், முப்பது யூரோவும் கொடுத்தான். அண்ணை அதை எனக்குத் தர வந்தார். மைக் கம்பி வாங்க என்று.

இன்னும் மிஸ்ரசாப்பு பதியவில்லை. கண்டசாப்பும் ஒன்றிரண்டுதான் இருக்கிறது. குளிர் துவங்கினால் அண்ணையின் விரல் மடங்காது, ஆகவே ஒக்ரோபர் முடிய முன்னம் இரண்டு ஞாயிறாவது வேணும். இந்தமுறை இடப்பக்க மைக்கை இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்க்கப்போகிறேன், கும் கொஞ்சம் கூடவாக முழங்குகிறது. கீழ்வீட்டுக் கிழவி ஞாயிறு பின்னேரம் பேத்தி வீட்டுக்குப் போகிறவ. மூன்று மணிக்குத் துவங்கினால் ஆறு மணிக்குள் முடிக்கலாம்.